அம்மாயிக்குத் திறக்காத கதவு

மெல்போர்னில் பெட்டி கட்டும்போது என் வீட்டுக்காரர் சிரித்தது இரண்டு பூஸ்டர் சீட்டைப் பார்த்துத்தான். பிள்ளையை உயர்த்தி உட்கார வைத்து, கார் பெல்ட் சரியாகப் பொருந்தச் செய்கிற சீட் அது. ஐந்து வயதுப் பையனுக்கு ஒன்று, ஒன்பது வயதுப் பெண்ணுக்கு ஒன்று. "கோபியில இதையெல்லாம் யாரு கேக்கப் போறாங்க?" என்றார். கோபிச்செட்டிபாளையம்தான் என் ஊர். யாரும் கேட்க மாட்டார்கள் என்பதால்தான் எடுத்து வருகிறேன் என்றேன். ஆஸ்திரேலியாவில் ஏழு வயது முடியும்வரை குழந்தையை அதற்கான சீட்டில்தான் உட்கார வைக்க வேண்டும். மீறினால் அபராதம் ஓட்டுபவருக்கு. அது போக 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பூஸ்டரில் உட்காருவது நல்லது என்பார்கள். பெரியவளுக்கு அந்த உயரம் இன்னும் வரவில்லை. அதில் அவளுக்குக் கோபமும் உண்டு.

கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு வண்டி அனுப்பச் சொல்லி ஊரிலிருக்கும் ஒரு டிராவல்ஸில் முன்பே பேசியிருந்தேன். டி போர்டு, அதாவது வாடகை வண்டி, எட்டு பேர் உட்காரலாம், ஏசி, சுத்தமாக இருந்தது. டிரைவர் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பெட்டிகளை அவரே தூக்கி அடுக்கினார், பையனுக்குத் தண்ணீர் பாட்டில் திறந்து கொடுத்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை, பூஸ்டரை சீட்டில் வைக்கும்வரை.

பெல்ட் இருந்தது. அதை மாட்டுகிற லாக்கைத்தான் காணோம். புத்தம் புது ரெக்சின் சீட் கவர், ஓரத்தில் சிவப்புத் தையல், பார்க்க ஜோராக இருந்தது. அந்தக் கவருக்கு அடியில் லாக் எல்லாம் புதைந்து கிடந்தது. இரண்டு சீட்டுக்கு நடுவில் மணிக்கட்டுவரை கைவிட்டுத் துழாவி, நகம் ஒன்று உடைந்து, நடு வரிசையில் இரண்டை வெளியே இழுத்துவிட்டேன். கடைசி வரிசையில் கவரை அடியோடு தைத்துவிட்டார்கள், ஒன்றும் வரவில்லை. டிராவல்ஸுக்குப் போன் போட்டேன். "நம்ம பையன் நல்லாப் பதனமா ஓட்டுவானுங்க, நீங்க பயப்படாதீங்க" என்றார் ஓனர். நான் பையனைப் பற்றிக் கேட்கவில்லையே! லாக் எங்கே என்று கேட்டதற்கு அதுதான் பதில்.

அப்புறம் சைல்டு லாக். எங்கள் பையன் ஓடுகிற வண்டியில் கைப்பிடியை இழுத்துப் பார்க்கிற ரகம். வண்டியில் ஏறியதும் பின்கதவின் விளிம்பில் அந்தச் சின்ன நெம்பைத் தேடுவது எனக்குப் பழகிப்போன வேலை. அதைத் தள்ளிவிட்டால் கதவு உள்ளேயிருந்து திறக்காது, வெளியேயிருந்து மட்டும் திறக்கும். இந்த வண்டியில் நெம்பே இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தேன்.

"அது இருக்காதுங்கக்கா" என்றார் தம்பி. "2019க்கு அப்புறம் வர்ற டாக்ஸி வண்டியில சைல்டு லாக் இருக்கக் கூடாதுன்னு ரூல்ஸுங்க. லேடீஸ் தனியா வந்தாங்கன்னா உள்ள போட்டுப் பூட்டிரக் கூடாதில்லீங்களா."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ராத்திரி தனியாக டாக்ஸியில் போகிற பெண்ணாகவும் நான் இருந்திருக்கிறேன். குழந்தையைக் காக்கிற அதே நெம்பு அவளை உள்ளே வைத்து அடைக்கும். யாருக்காகக் கதவைப் பூட்டுகிறோம், யார் எந்தப் பக்கத்திலிருந்து திறக்க வேண்டும் என்ற கேள்வி அன்றைக்கு அவினாசி தாண்டி நம்பியூர் வரும்வரை மண்டையில் ஓடியது. பையனை பெல்ட்டில் மாட்டி, அவன் கைக்கும் கதவுக்கும் நடுவில் நான் உட்கார்ந்துகொண்டேன். வேறு வழியில்லை.

தம்பி தன் பெல்ட்டை மாட்டியிருந்தார். மாட்டாவிட்டால் வண்டி கத்தும். சொந்தக் கார் என்றால் எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலும் விட்டு விட்டு ஒரு கூக்குரல் கேட்கும், நூற்றிருபதைத் தாண்டினால் நிறுத்தாமல் கத்தும். இதெல்லாம் 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் உண்டு. பின்னால் உட்கார்ந்தவர்களுக்காக இந்த வண்டி கத்தவில்லை. அதனால் பின்னால் யாரும் போடுவதில்லை.

இனி மாமா வீட்டு வேன். அம்மாவின் தம்பி அவர். ஊருக்குள் சுற்ற, தோட்டத்துக்குப் போக, சொந்தக்காரர் வீட்டுச் சீருக்கு மொத்தக் குடும்பத்தையும் அள்ளிக்கொண்டு போக, எல்லாவற்றுக்கும் அதுதான். ஓன் போர்டு, அதாவது சொந்த வண்டி, ஏழு பேர், பின்னால் இரண்டு பக்கமும் ஸ்லைடிங் டோர். முன்பு அவரிடம் மாருதி ஆம்னி வேன் இருந்தது. 1984இல் வந்து 2019இல் நின்றுபோன அந்த வண்டியைச் சினிமாவில் ஆள் கடத்தத்தான் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு அது வாழைத்தாரும் பிள்ளைகளும் ஒன்றாக வந்த வண்டி. பெல்ட் என்ற பேச்சே கிடையாது. தாருக்கு மேல் உட்கார்ந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

"அப்ப ஒண்ணும் ஆகலையே அம்மணி" என்றார் மாமா. இந்த வாதத்தை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். "நாற்பதுல போறவனுக்கு எதுக்குப் பெல்ட்டு?"

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் முட்டி நிற்பது ஏறக்குறைய இருபது அடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். பள்ளிக்கூடக் கணக்குதான், போனிலேயே போட்டுக் காட்டினேன். மாமாவுக்குக் கணக்கு பிடிபடவில்லை, இருபது அடி பிடிபட்டது. தோட்டத்துக் கிணற்று மேட்டைத் திரும்பிப் பார்த்தார். "தண்ணி இல்லாத கிணத்துலயா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்சீட்டில் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் முன்சீட்டில் இருப்பவர் மேல்தான் வந்து விழுவார் என்பதையும் சொன்னேன். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது அவருக்கு நினைவிருந்தது. அவரும் பின்சீட்டில்தான் இருந்தார், பெல்ட் போட்டிருக்கவில்லை. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பெல்ட்டோ சீட்டோ இல்லாமல் கூட்டிப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்பது மட்டும் அவருக்குப் புதுச் செய்தி. "அதெல்லாம் யாரு புடிக்கறாங்க" என்று முடித்தார். அதுவும் உண்மைதான்.

ஆனாலும் மறுநாள் காலையில் அவரே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார், என்னையும் கூட்டிக்கொண்டு. முதலில் சீட் கவர் கடை. டிராவல்ஸ் வண்டியில் இருந்த அதே நோய் இங்கேயும். தையல்காரர் பெரியவர், மூக்கில் கண்ணாடி, வாயில் நூல். "லாக்கு வெளிய தெரிஞ்சா குத்துதுன்னு கஸ்டமரே மூடச் சொல்றாங்க கண்ணு" என்றார். சீட்டைக் கழற்றாமலே, லாக் வருகிற இடத்தில் கவரைக் கீறி, வாய் பிரியாமல் ரெக்சின் பட்டி வைத்து மடித்துத் தைத்துக் கொடுத்தார். பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற மாதிரி. முக்கால் மணி நேரம், முந்நூறு ரூபாய். மூன்று வாரத்தில் நான் கொடுத்ததிலேயே மனதாரக் கொடுத்த பணம் அது.

அடுத்தது கதவு. இடது பக்கத்து ஸ்லைடிங் டோர் சரியாகச் சாத்தவில்லை. சாத்தின மாதிரி இருக்கும், டேஷ்போர்டில் கதவு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மாமா அந்த விளக்கைச் சாமி விளக்கு மாதிரி பழகிவிட்டார். வண்டிக் கதவின் லாக் இரண்டு கட்டமாகப் பிடிக்கும். முதல் சொடுக்கில் பாதி, இரண்டாவது சொடுக்கில் முழுசாக. பாதியில் நிற்கிற கதவு மேட்டில் ஏறும்போது பின்னால் நழுவினால், பக்கத்தில் இருப்பவன் நம் பிள்ளை.

சத்தி ரோட்டில் ஒரு பட்டறை. மெக்கானிக் கதவை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார், சத்தத்தைக் கேட்டார், குனிந்து படிக்கட்டுக்குள் ஓடுகிற தண்டவாளத்தை டார்ச் அடித்துக் காட்டினார். கதவின் கீழ் உருளை ஓடுகிற பள்ளம் அது. ஸ்க்ரூடிரைவரால் கிளறக் கிளற வெளியே வந்தவை: செம்மண், நிலக்கடலைத் தோல், புளியங்கொட்டை இரண்டு, ஒரு ஹேர்பின், ஐம்பது பைசா ஒன்று, யாருடைய காதிலிருந்தோ விழுந்த கவரிங் தோட்டின் திருகாணி. "பொம்பளைங்க போற வண்டிங்க" என்று சிரித்தார் (கடலைத் தோல் மாமாவுடையது என்று நான் சொல்லவில்லை). காற்றடித்துச் சுத்தம் செய்து, தேய்ந்த உருளையை மாற்றி, லாக் பிடிக்கிற கொக்கியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக் கதவைச் சாத்தினார். டக், டக். இரண்டு சொடுக்கும் கேட்டது, விளக்கு அணைந்தது. சைல்டு லாக் நெம்பு தூசியில் இறுகிக் கிடந்தது, அதற்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்.

மார்கழி மாதம், ஊரில் விசேஷம் எதுவும் வைக்க மாட்டார்கள், அதனால் சுற்ற நேரம் கிடைத்தது. தாளவாடிப் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போகலாம் என்று முடிவாயிற்று. பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு திம்பம் மலை ஏற வேண்டும். 27 கொண்டை ஊசி வளைவு. ராத்திரியில் போக்குவரத்துக்குத் தடை இருக்கிற பாதை, ஆகவே காலையிலேயே கிளம்பினோம். மாமா ஓட்ட, முன்னால் என் வீட்டுக்காரர். நடுவில் வலது பக்கம் பையன், இடது பக்கம் அம்மாயி, அம்மாவைப் பெற்றவள். பின்னால் அம்மா, நான், பெரியவள். அம்மாயிக்கு எண்பது தாண்டிவிட்டது. பெல்ட்டை மாட்டிவிட்டதும், "என்னைய எதுக்குடி கட்டிப் போடற, எங்க ஓடப் போறேன்" என்றாள்.

நான் செய்த தப்பு இங்கேதான். புதிதாக எண்ணெய் விட்ட சந்தோஷத்தில் இரண்டு கதவிலும் சைல்டு லாக்கைப் போட்டுவிட்டேன்.

ஏழோ எட்டோ வளைவு ஏறியிருப்போம். பெரியவள், "அம்மா, என் பெல்ட் வரல" என்று கத்தினாள். மேல்சட்டையைக் கழற்றுவதற்காக பெல்ட்டை அவிழ்த்தவள் திரும்ப மாட்டப் பார்க்கிறாள், பெல்ட் இம்மி நகரவில்லை. பழுது இல்லை அது. பெல்ட் சுருள்கிற பெட்டிக்குள் ஒரு சின்னக் குண்டு உண்டு. வண்டி சடக்கென்று நின்றாலோ ரொம்பச் சாய்ந்தாலோ அது நகர்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மலை வளைவில் வண்டி சாய்ந்து ஏறும்போது பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் பிடிக்கத்தான் செய்யும். முழுசாக உள்ளே விட்டு, வளைவு முடிந்து வண்டி நேரானதும் மெதுவாக இழுத்தால் வந்துவிடும். வந்தது.

இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அம்மாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா ஒரு அகலமான இடம் பார்த்து நிறுத்தினார். அம்மாயி பெல்ட்டைத் தானே கழற்றினாள், அதைப் பாராட்ட வேண்டும், கதவின் கைப்பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. மறுபடியும் இழுத்தாள். நான் பின்னால், அவளைத் தாண்டி வெளியே போக வழியில்லை. "மாமா, வெளிய இருந்து தொறங்க!" என்று நான் கத்த, அவர் அவசரத்தில் வலது பக்கமாகச் சுற்றி ஓடி, பையன் பக்கத்துக் கதவைத் திறந்தார். கர்நாடகா லாரி ஒன்று ஒட்டி உரசுகிற மாதிரி இறங்கிப் போனது. என் வீட்டுக்காரர் குதித்து இடது கதவைத் திறப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அம்மாயியின் மடியிலேயே.

இளநீர் வாங்கி வைத்திருந்த பாட்டிலில் மிச்சம் இருந்தது, வாய் கொப்பளிக்கக் கொடுத்தோம். அம்மாயி யாரையும் திட்டவில்லை. "கோழிக் கூண்டுக்குக்கூட உள்ள இருந்து முட்டுனா தொறக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

சைல்டு லாக் ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனி. இது எனக்கு நன்றாகத் தெரியும், யோசிக்காமல் விட்டேன். வலது கதவில் மட்டும் போட்டேன். நம் ஊரில் வண்டிகள் வந்து மோதுகிற பக்கம் அதுதான், பையனும் அந்தப் பக்கம். இடது பக்கக் கதவை அம்மாயியிடம் விட்டேன். எப்படி இழுக்க வேண்டும் என்று இரண்டு தரம் செய்து காட்டச் சொன்னேன். மூன்றாவது தரம் அவளாகவே செய்து பார்த்தாள். ஆசனூர் வந்து சேரும்வரை கைப்பிடியில் இருந்து கையை எடுக்கவில்லை. பெல்ட்டையும் கழற்றவில்லை.

வீடு திரும்பியதும் இதை ஒரு துண்டுத் தாளில் எழுதி மாமாவின் வண்டி புக்கில் வைத்துவிட்டு வந்தேன்: சின்னப் பிள்ளை வலது பக்கம், சைல்டு லாக் வலது பக்கம், இடது கதவுக்குப் பக்கத்தில் கட்டாயம் ஒரு பெரியவர். முன்சீட்டில் மடியில் பிள்ளை வேண்டாம் என்பதையும் சேர்த்தேன். ஏர்பேக் வெடித்தால் முதலில் அடிபடுவது மடியில் இருக்கிற பிள்ளைதான். பூஸ்டர் இரண்டையும் மாமாவின் பேரப் பிள்ளைகளுக்கே விட்டுவிட்டோம். பெரியவளுக்கு அதில் ஏக சந்தோஷம், மெல்போர்னில் புதிது காத்திருக்கிறது என்று நான் இன்னும் சொல்லவில்லை.

திரும்பிப் போவதற்கும் அதே டிராவல்ஸ்தான், அதே தம்பி வந்தார். கதவைத் திறந்தால் நடு வரிசையில் லாக் எல்லாம் வெளியே தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கவர் கிழிந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"நானே பிளேடு வெச்சுக் கீறிட்டேனுங்கக்கா. ஓனருக்கு இன்னும் தெரியாதுங்க."

கடைசி வரிசை? "அங்க ஒண்ணுதாங்க கெடச்சுது, இன்னொண்ணு எங்க கெடக்குதுன்னே தெரியல." அந்த ஒன்றில் என் வீட்டுக்காரர் போய் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார்.