நெல்லை டவுன் ஜவுளிக்கடையா, பேட்டை ஐடிஐயா?

பத்தாவது முடித்த 16 வயசுப் பையனை எதில் விடலாம் என்று குழம்புகிறவர்களுக்கு.

காசு: கடையில் மாதம் பிறந்தால் சம்பளம். ஐடிஐயில், ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளிப் பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்.

நேரம்: சிக்கலே இங்கேதான். 18 வயசு ஆகாதவர்களுக்கு இடைவேளையோடு சேர்த்து நாளைக்கு 6 மணி நேரம்தான், இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கூடாது, வாரம் ஒரு நாள் லீவு என்கிறது 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம். தீபாவளி சமயம் ரத வீதியில் ஒன்பது மணிக்கும் சேலை மடிக்கிற பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

பின்னால்: கடையில் அனுபவம். ஐடிஐயில் பிட்டர், வெல்டர் சான்றிதழ்.

கோடை லீவுக்கு மட்டும் என்றால் கடை சரி, ஏழு மணிக்கு முன்னால் அனுப்புவீர்களா என்று முதலாளியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மற்றபடி ஐடிஐதான். அப்புறம், 14 ஆகாத தம்பியையும் கூடவே அடுத்தவர் கடைக்கு அனுப்புகிற பேச்சே வேண்டாம்.