டூர் தாளில் ‘ஆர் சிமிலர்’ (அல்லது அதுபோன்ற ஒன்று) என்று இருந்தால் பணம் கட்டாதீர்கள்

இத்தாலி டூருக்கு முன்பணம் கட்டத் தயாராக இருப்பவர்கள் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எங்களை அழைத்துப்போன, அண்ணா நகரில் இருக்கும் ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது.

எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருஷம் ஆனதற்காகப் போன பத்து நாள் குரூப் டூர் அது. ரோம், பைசா கோபுரம் எல்லாம் வழக்கம்போலத்தான். நான் ஆசைப்பட்டது ஒரே ஒரு நாளுக்கு: ஃப்ளாரன்ஸுக்கும் சியனாவுக்கும் நடுவே இருக்கும் கியாந்தி மலைப்பகுதியில், ஒரு குடும்பமே நடத்தும் ஒயின் தோட்டம். “தாத்தா, மகன், பேத்தின்னு மூணு தலைமுறை சார், அவங்க வீட்டு மேஜையிலேயே சாப்பாடு” என்றார் ஏஜென்ட். தலைக்கு 9,500 ரூபாய் கூடுதல். கட்டினேன்.

நான் பெரிய குடிகாரன் இல்லை. அந்த ஊர்க் கதைதான் என்னை இழுத்தது. 1716-லேயே, இந்த ஊர்களெல்லாம் அடங்கிய டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ, இந்த எல்லைக்குள் விளைந்தால்தான் கியாந்தி ஒயின் என்று ஆணை போட்டார். மதுரை மல்லிக்கு நாம் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோமே, அந்த மாதிரி. ஃப்ளாரன்ஸுக்கும் சியனாவுக்கும் இருந்த எல்லைச் சண்டைக்கு ஒரு சேவல் கதையும் உண்டு. சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குதிரை வீரன் கிளம்ப வேண்டும், சந்திக்கும் இடம்தான் எல்லை. ஃப்ளாரன்ஸ்காரர்கள் ஒரு கருப்புச் சேவலைப் பட்டினி போட்டார்களாம். அது பசியில் விடியுமுன்பே கூவிவிட, நிலத்தில் பெரும்பங்கு அவர்களுக்குப் போய்விட்டது. கியாந்தியின் பழைய மையப் பகுதியில் விளையும் ஒயினுக்குக் கியாந்தி கிளாசிகோ என்று பெயர், அந்தப் பாட்டில் கழுத்தில் இருப்பது அந்தச் சேவல்தான்.

எங்களையும் அன்றைக்கு ஐந்து மணிக்கே எழுப்பிவிட்டார்கள். காலை டிபன் பொட்டலத்தில் ஒரு ரொட்டி, ஒரு ஆப்பிள். பஸ் போகிறது, போகிறது, மலை ஏறவே இல்லை. போனில் மேப்பைப் பார்த்தால் கிரேவே, காஸ்தெல்லினா வழியாகப் போகும் பழைய மலைச் சாலையை விட்டுவிட்டு நெடுஞ்சாலையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறோம். டூர் மேனேஜரிடம் கேட்டேன். “ஷார்ட் கட் சார்.”

இறங்கிய இடம் பெரிய கார் பார்க்கிங் வைத்த ஒரு கடை. எங்களுக்கு முன்பே நாலு பஸ் நிற்கிறது. சுவரில் ஒரு தாத்தா போட்டோ. தாத்தா அவ்வளவுதான். செப்டம்பர் கடைசி, அங்கே திராட்சை அறுவடைக் காலம். ஒரு கொடியைக்கூடப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் கோப்பையில் மூன்று வாய் ஒயின், சீஸ் துண்டு, பிறகு நேராக பில் போடும் கவுன்டர். மொத்தம் 40 நிமிஷம்.

பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். சேவல் இல்லை. உயர்தரம் என்று சான்று பெற்ற பாட்டிலின் கழுத்தில் வரிசை எண்ணோடு அரசாங்கப் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும், அதுவும் இல்லை. லேபிளில் ‘வீனோ ரொஸ்ஸோ’, அதாவது சிவப்பு ஒயின், அவ்வளவே. பாட்டிலில் அடைத்த ஊர் டஸ்கனியிலேயே இல்லை. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பையன் நாங்கள் பேசியதைக் கேட்டுப் பக்கத்தில் வந்தான். யாழ்ப்பாணத் தமிழ். “அண்ணை, இஞ்ச தோட்டம் ஒண்டும் இல்லை. எல்லாம் லொறியில வாறது” என்றான் மெதுவாக. அந்த நாள் முழுக்க எங்களிடம் உண்மை பேசியவன் அவன் ஒருவன்தான்.

ஊருக்கு வந்து ஏஜென்ட்டிடம் போனேன். காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பிக் காட்டினார். ‘கியாந்தி வைனரி விசிட் ஆர் சிமிலர்.’ அந்தக் கடைசி இரண்டு வார்த்தையில் ஹோட்டலை மாற்றலாம், தோட்டத்தையே கடையாகவும் மாற்றலாம். என் தப்பும் இதில் உண்டு, தோட்டத்தின் பெயர் என்ன என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. பெயர் தெரிந்திருந்தால் கிளம்புவதற்கு முன்பே அந்தத் தோட்டத்துக்கு ஒரு மெயில் போட்டு, எங்கள் குரூப் பெயரில் முன்பதிவு இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். நீங்களாவது பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘கியாந்தி’ என்றால் போதாது, அது கிளாசிகோவைச் சுற்றியும் பரந்து கிடக்கிற பெரிய பகுதி.

அடுத்த துபாய் டூரில் 5,000 ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தேன். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, விஷயம் நடந்த இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, பஸ்ஸிலிருந்து எடுத்த மேப் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

அந்தக் கடையில் ஒரு பாட்டிலும் வாங்கினேன், 14 யூரோ. இன்னும் பிரிக்கவில்லை. தம்பி வந்தபோது திறக்கலாமே என்று எடுத்தேன். “என்னங்க, அது சாட்சி” என்று மனைவி பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.