டெல்டா வெயிலில் பிரெட் ஈஸ்ட்: எது தாங்கும், எது படுத்தும்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் வீட்டில் பிரெட் போடுகிறவர்கள், குறிப்பில் இருக்கும் ஈஸ்ட் அளவைச் சித்திரை, வைகாசியில் அப்படியே போட்டால் கெட்டது கதை. பெரும்பாலான குறிப்புகள் 20, 22 டிகிரி அறையை மனதில் வைத்து எழுதியவை. நம் சமையல்கட்டு மதியம் 36ஐத் தொடும். மாவு கண் எதிரே பொங்கும், அடுப்புக்குள் போனதும் அமுங்கும். மேல்தோலுக்கு அடியில் பெரிய பொந்து, வெளுத்த நிறம், கள் வாடை. ஈஸ்ட் சரியில்லை என்று அடுத்த முறை இன்னும் அரை ஸ்பூன் கூட்டிப் போடுபவர்கள்தான் அதிகம். செய்ய வேண்டியது நேர் எதிர்.

கடைகளில் மூன்று வகை கிடைக்கிறது. முதல் வகை, ஃப்ரெஷ் ஈஸ்ட் என்கிற ஈரக் கட்டி. எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். ஃப்ரிட்ஜிலேயே இரண்டு, மூன்று வாரம்தான் தாங்கும். வெளியூரிலிருந்து பார்சலில் வெயிலோடு பயணம் செய்து வந்த கட்டியை நம்பவே முடியாது. நல்ல கட்டி வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும், உடைத்தால் பொலபொலவென்று உதிரும். விரலில் பிசுபிசுத்தாலோ ஓரம் பழுப்பேறியிருந்தாலோ வாங்க வேண்டாம். தினமும் மூட்டைக் கணக்கில் மாவு பிசையும் பேக்கரிக்கு அது லாபம். வாரம் ஒரு பிரெட் போடும் வீட்டுக்கு வீண் செலவு.

இரண்டாவது ஆக்டிவ் டிரை, குருணை மாதிரி இருப்பது. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து எழுப்பிய பிறகே மாவில் சேர்க்க வேண்டும். கோடையில் இதுதான் இதன் குறை. மாவைக் குளிர வைக்க நாம் பாடுபடும்போது, இது 40 டிகிரித் தண்ணீரைக் கேட்கிறது.

மூன்றாவது இன்ஸ்டன்ட். நீண்ட நாள் புழக்கத்தில் இந்தச் சூட்டுக்கு ஒத்துவருவது இதுதான். ஃப்ரெஷ் 10 கிராம் கேட்கும் இடத்தில் இன்ஸ்டன்ட் 3 கிராம் சொச்சம் போதும். சாஃப் (SAF) என்ற பிராண்டின் இன்ஸ்டன்டில் சிவப்பு, கோல்டு என்று இரண்டு உண்டு. சாதா பிரெட், பாவ், பீட்சாவுக்குச் சிவப்பு. பன், கிரீம் பன், தேங்காய் பன் என்று சர்க்கரை கூடுகிற மாவுக்குக் கோல்டு. சர்க்கரை மாவில் உள்ள ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் சாதா ஈஸ்ட் தாகத்தில் சோர்ந்துவிடும். கோல்டு அதைத் தாங்கப் பழக்கப்பட்ட ரகம். மாவு எடையில் சர்க்கரை 10 சதவீதம் தாண்டினால் கோல்டு எடுப்பது நல்லது. அரைக் கிலோ மைதாவுக்கு 80 கிராம் சர்க்கரை போட்ட பன் மாவில் சிவப்பைப் போட்டு மூன்று மணி நேரம் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

இனி அளவு. அரைக் கிலோ மைதா, 300 கிராம் தண்ணீர், 9 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம். மார்கழி, தையில் இன்ஸ்டன்ட் 5 கிராம். மற்ற மாதங்களில் 3 கிராம். கத்திரி வெயிலில் 2 கிராமே தாராளம். டீஸ்பூன் கணக்கு இந்த அளவில் எடுபடாது. தட்டையாக வழித்த ஒரு டீஸ்பூன் 3 கிராமை ஒட்டி வரும், கொஞ்சம் குவிந்தாலே நாலரை. நகைக்கடைத் தராசு மாதிரி பத்தில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடலாம்.

அளவைவிட முக்கியம், பிசைந்து முடித்த மாவின் சூடு. 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குப் பேக்கரிக்காரர்களின் பழைய கணக்கு உண்டு: வேண்டிய சூட்டை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அறைச் சூடு, மைதாவின் சூடு, பிசைவதால் ஏறும் சூடு மூன்றையும் கழித்தால் தண்ணீர் எத்தனை டிகிரி என்று தெரியும். மே மாதம் 27 வேண்டுமென்றால் 81. அறை 36, மைதா 35, கைப்பிசைவுக்கு 3, ஆக 74. மீதி 7. அதாவது ஐஸ் தண்ணீர். 30 டிகிரித் தண்ணீர் 240 கிராமில் 60 கிராம் ஐஸ் கரைந்தால் ஏறக்குறைய 8 டிகிரிக்கு வரும். மொட்டைமாடி டேங்க் தண்ணீரை மதியத்தில் பிடித்தால் இந்தக் கணக்கு உதவாது. பானைத் தண்ணீரில் தொடங்குங்கள். கணக்கு ஒரு தொடக்கம்தான். பிசைந்ததும் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்து அடுத்த முறை ஐஸைக் கூட்டலாம், குறைக்கலாம்.

இங்கேதான் ஒரு வில்லங்கம். உலர்ந்த ஈஸ்ட் நேரடியாகச் சில்லென்ற தண்ணீரில் விழக் கூடாது. காய்ந்து கிடந்த செல் உறை ஈரம் ஏறிச் சரியாவதற்குள் உள்ளிருப்பது வெளியே கசிகிறது. அதில் குளூட்டாதயோன் என்ற பொருள் மாவின் பசைத்தன்மையைத் தளர்த்திவிடும். விளைவு, எவ்வளவு பிசைந்தாலும் நெகுநெகுவென்று ஒட்டும் மாவு, பொங்குவதும் மந்தம். தப்பிக்க எளிய வழி: முதலில் மைதாவையும் ஐஸ் தண்ணீரையும் மட்டும் கலந்து பத்து நிமிடம் மூடி வையுங்கள். அதற்குள் கலவை 20 டிகிரியை ஒட்டி வந்துவிடும். பிறகு ஈஸ்ட்டைத் தூவி இரண்டு நிமிடம் பிசைந்து, கடைசியில் உப்பு. ஐஸ் துண்டு ஒன்றுகூட முழுதாக மாவுக்குள் போகக் கூடாது.

நேரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். இரட்டிப்பானதும், விரலை மைதாவில் தோய்த்து அரை அங்குலம் அழுத்தினால் பள்ளம் மெதுவாகப் பாதி நிரம்ப வேண்டும். சட்டென்று எழும்பினால் இன்னும் விடலாம். அப்படியே நின்றாலோ சுற்றிலும் சரிந்தாலோ தாண்டிவிட்டது. அதைப் பிரெட்டாக்காமல் தட்டிப் போட்டுப் பீட்சா அடையாக்கிவிடலாம், வீணாகாது.

மின்வெட்டு அடிக்கடி இல்லாத ஊரென்றால் ராத்திரி ஃப்ரிட்ஜில் வைக்கும் முறை ரொம்பவே நல்லது. ஈஸ்ட் ஒன்றரை கிராம், பிசைந்து அரை மணி வெளியே, பிறகு 12 மணி நேரம் உள்ளே. மணமும் கூடும், கோடைச் சூட்டோடு மல்லுக்கட்டும் வேலையும் குறையும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போகும் என்று தெரிந்தால் அன்று தள்ளிப் போடுங்கள்.

இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டின் அரைக் கிலோ பாக்கெட் செங்கல் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். அமுக்கினால் மெத்தென்றால் காற்று புகுந்துவிட்டது. தேதியே இல்லாமல் பாலிதீனில் பிரித்துக் கட்டி விற்கும் உதிரி ஈஸ்ட் மலிவுதான், ஆனால் எத்தனை நாள் திறந்து கிடந்ததோ. பிரித்ததும் இறுக மூடும் கண்ணாடி பாட்டிலில் ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். பாட்டிலை வெளியே வைத்துவிட்டு வேலை பார்க்கக் கூடாது. ஐப்பசி மழைக்காற்றில் உள்ளே வியர்த்து ஈரம் கோர்க்கும். ஈரம் இல்லாத ஸ்பூனால் எடுத்து உடனே உள்ளே வைத்துவிட வேண்டும்.

சந்தேகம் வந்தால் 120 மில்லி 40 டிகிரித் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை, 7 கிராம் ஈஸ்ட் போட்டு அளவுக் கோப்பையில் வையுங்கள். பத்து நிமிடத்தில் நுரை 240 மில்லிக் கோட்டை நெருங்கினால் உயிரோட்டம் குறையவில்லை.

நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் இன்னொரு சிக்கல். சில போர் தண்ணீர் நாக்கிலேயே உப்புக் கரிக்கும். அதில் பிசைந்து மேலே 9 கிராம் உப்பும் போட்டால் ஈஸ்ட் இழுத்து மூச்சு வாங்கும். ஆர்.ஓ. தண்ணீரில் பிசைந்தால் தாது இல்லாததால் மாவு கொஞ்சம் தளரும். தண்ணீரில் 10 கிராம் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.