ரௌகுயா, ஷுய்ஷியனா: வூயி மலையின் பாறைத் தேநீர்கள்

முதல்தடவை இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துவிட்டு, நோட்டில் இப்படி எழுதினேன்: "ரௌகுய்: மென்மை, பூ வாசனை. ஷுய்ஷியன்: காட்டம், கரிவாசனை." விஷயம் தெரிந்த எவரும் படித்தால் சிரிப்பார்கள், அப்படியே தலைகீழ். நான் ருசித்தது இலையை இல்லை, நெருப்பை. கையில் இருந்த ஷுய்ஷியன் கரியடுப்பில் நன்றாக வாட்டியது, ரௌகுய் பேருக்கு வாட்டியது. அவ்வளவுதான் சங்கதி.

வூயி மலை சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தின் வடமேற்கில் இருக்கிறது. (நாம் 'தேயிலை' என்கிறோமே, அந்தத் 'தே' இதே மாகாணத்தின் தெற்குக் கரையில் பேசும் மொழியிலிருந்து உலகம் சுற்றி வந்ததுதான்.) செந்நிற மணற்பாறைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் செடி வளர்வதால் 'பாறைத் தேநீர்' என்று பெயர். ஊலாங் வகை, அதாவது பச்சைத் தேநீருக்கும் நாம் குடிக்கும் கறுப்புத் தேநீருக்கும் நடுவில். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பறித்து, வாட விட்டு, இலையைக் குலுக்கிக் குலுக்கி ஓரத்தைக் கன்ற வைப்பார்கள். ஓரம் சிவந்து நடு பச்சையாக இருக்கும்போது, சூடான வாணலியில் போட்டு அந்தச் சிவப்பை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பிறகு உருட்டி, உலர்த்தி, சாம்பல் மூடிய கரித் தணலில் மணிக்கணக்காக வாட்டுவது. எவ்வளவு வாட்டுவது என்பது செய்பவர் இஷ்டம். அதனால் இரண்டு ரகங்களை ஒப்பிட வேண்டுமானால் வாட்டின அளவு ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை நடுத்தரமாக வாட்டியதாகவே இரண்டையும் வாங்கினேன். 110 மில்லி பிடிக்கும் மூடிபோட்ட கிண்ணம் இரண்டு, ஒவ்வொன்றிலும் 8 கிராம் இலை, தளதளவென்று கொதிக்கும் தண்ணீர். ஊற்றிப் பத்து விநாடியில் வடித்துவிட வேண்டும், பிறகு அதே இலையில் மறுபடி மறுபடி ஊற்றிக் குடிக்கலாம். இத்தனை இலைக்கு அதற்கு மேல் விட்டால் கஷாயம்தான்.

ரௌகுய் என்றால் சீனத்தில் பட்டை. பிரியாணிக்குப் போடுகிற அந்தத் தடிப் பட்டையேதான், இலங்கைக் கறுவா இல்லை. பட்டை எதுவும் இதில் கலப்பதில்லை, வாசனை இலைக்கே சொந்தம். மூடியைத் தூக்கி உள்பக்கத்தை முகர்ந்தால் மூக்கில் சுருக்கென்று ஏறுகிறது. வாயிலும் அப்படியே. நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொள்கிறது, விழுங்கின பிறகு தொண்டையில் இனிப்பு திரும்பி வருகிறது. மலிவான ரௌகுயில் அந்தச் சுருக்கு இருக்கும், இனிப்பு வராது, துவர்ப்பு மட்டும் மிச்சம். நல்லதிலும் ஐந்தாவது ஊற்றலில் என் மூக்குக்கு வாசனை இறங்கிவிட்டது.

பெயரை வைத்து ஒரு கூத்தும் உண்டு. 'ரௌ' என்றால் இறைச்சி, 'நியூ' என்றால் மாடு. நியூலான்கெங் என்ற பள்ளத்தாக்கின் ரௌகுயைச் சுருக்கி 'மாட்டுக்கறி' என்பார்கள், குதிரைத்தலைப் பாறையில் விளைந்தது 'குதிரைக்கறி'. மாட்டுக்கறிக்குத்தான் கிராக்கி. அது ஒரு சின்னப் பள்ளம் என்பதை மறக்காமல் பொட்டலத்தையும் விலையையும் பாருங்கள்.

ஷுய்ஷியன் வேறு மாதிரி. முதல் கோப்பையில் பெரிதாக ஒன்றும் சொல்லாது. வடிகஞ்சி குடித்தாற்போல வழுவழுப்பு, தூரத்தில் ஏதோ பூ. மூன்றாவது ஊற்றலில்தான் மழையில் ஊறின மரம், கிணற்றுச் சுவர்ப் பாசி என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. இந்தப் பாசி வாசனை வயதான மரங்களுடையது. அறுபது வயதைத் தாண்டினால் 'லாவோசோங்', கிழமரம், என்று தனி மரியாதை. எட்டாவது ஊற்றலிலும் தண்ணீரில் கனம் இருந்தது. மணத்தில் ரௌகுயை மிஞ்ச ஆளில்லை, பதத்தில் ஷுய்ஷியனை மிஞ்ச ஆளில்லை என்று அங்கே ஒரு பேச்சு. சரிதான். எனக்குப் பதம் போதும், ஷுய்ஷியன் பக்கம்தான் என் ஓட்டு. விருந்தாளிக்கு மட்டும் ரௌகுய். ஒரே கோப்பையில் எழுந்துபோகிறவருக்கு ஷுய்ஷியன் கொடுப்பது வீண்.

வூயி மலையின் மிகப் பெயர்பெற்ற பாறைத் தேநீரான தாஹோங்பாவ் எங்கே என்று கேட்பீர்கள். பாறையில் இருக்கும் ஆறு தாய்ச் செடிகளில் 2006-லிருந்து பறிப்பதில்லை. கடைசியாகப் பறித்ததில் 20 கிராம் 2007-ல் பெய்ஜிங்கில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இன்று கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் கலவை. அதில் முக்கால்வாசி நேரம் ரௌகுயும் ஷுய்ஷியனும்தான் இருக்கும். கலக்கத் தெரிந்தவர் கலந்தால் அருமையாகவே இருக்கும், ஆனால் இந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை.

வேறு பாறைத் தேநீர்களும் உண்டு. தியெலுவோஹான், அதாவது 'இரும்புத் துறவி', மருந்துக்கடை வாசனை. எனக்கு ஒட்டவில்லை. பைஜிகுவான், 'வெள்ளைச் சேவற்கொண்டை', மஞ்சள் பாய்ந்த இலை. சோளம் வேகவைத்த தண்ணீரை நினைவுபடுத்தும் சாதுவான ருசி, லேசாக வாட்டினால்தான் நிற்கும். மாறுதலுக்கு நன்றாக இருக்கும்.

பொட்டலத்தை நம்பாதவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். குடித்த பிறகு இரண்டு கோப்பையிலும் ஒரு வாய் மிச்சம் வைத்து ஆறவிடுங்கள். ஆற ஆற நெருப்பு வாசனை பின்வாங்கும், ரகத்தின் குணம் முன்னால் வரும். அப்புறம் ஊறின இலையை ஒரு வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். ஷுய்ஷியன் இலை அகலம், தடிப்பு, காம்பும் முரட்டுக் காம்பு. ரௌகுய் இலை பக்கத்தில் தம்பி மாதிரி இருக்கும். முதல் தடவை நான் இந்தத் தட்டை விரித்திருந்தால் அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழிக்க வேண்டியிருந்திருக்காது.