திறந்தவெளிக் கச்சேரியில் மழை: போஞ்சோவா, ஜாக்கெட்டா, குடையா?

மழைக்கோட்டு விற்பவர்கள் மலையேறுகிறவரையோ பைக் ஓட்டுகிறவரையோ மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். மைதானத்தில் நடக்கும் இசை விழாவுக்கும் உணவுத் திருவிழாவுக்கும் போகிறவரின் பாடு வேறு. ஐந்தாறு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பார். பாட்டுக்குக் கையைத் தூக்குவார். ஒரு கையில் தட்டு, மறு கையில் போன், தோளில் பை, நாலாபுறமும் ஆள் நெருக்கம். இப்படி வைத்துப் பார்த்தால் விலை கூடிய ஜாக்கெட் பல நேரம் தோற்கிறது, தலை வழியாக மாட்டி முழங்காலுக்குக் கீழே தொங்கும் சாதாரண போஞ்சோ ஜெயிக்கிறது.

குடையை முதலிலேயே கழித்துவிடலாம். பல விழாக்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே விட்டாலும் பின்னால் நிற்கிறவர்களுக்கு மேடை தெரியாது, கம்பி முனை அடுத்தவர் கண் மட்டத்தில் நிற்கும், விளிம்பில் வழியும் தண்ணீர் பக்கத்து ஆளின் கழுத்துக்குள் இறங்கும். வாசல் வரை வந்து சேர ஒரு மடக்குக் குடை போதும். அதற்கு மேல் அது சுமைதான்.

ஜாக்கெட்: எண்கள் சொல்வதும் சொல்லாததும்

நல்ல ஜாக்கெட்டின் விவரச் சீட்டில் இரண்டு எண் இருக்கும். ஒன்று, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பது. துணியின் மேல் தண்ணீரை நிறுத்தி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். மூன்று இடங்களில் துளி கசிந்ததும் அப்போதைய நீர்மட்ட உயரம்தான் அந்த எண். 1,500 மி.மீ. என்றால் பெயருக்கு நீர்புகாத் துணி. சும்மா நிற்பதற்கு 5,000 மி.மீ. தாராளம். ஆனால் தோள்பையின் பட்டை அழுத்தும் இடத்திலும், ஈரத்தரையில் உட்காரும்போதும் அழுத்தம் பல மடங்கு ஏறும். பை மாட்டுகிறவர் 10,000 மி.மீ.க்குக் குறைந்ததை வாங்கக் கூடாது.

இரண்டாவது எண், துணி எவ்வளவு வியர்வை ஆவியை வெளியே விடும் என்பது. சதுர மீட்டருக்கு ஒரு நாளில் இத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள். ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான். 1969-ல் பாப் கோர் என்பவர் சூடாக்கிய பிடிஎஃப்இ (டெஃப்லான் வகை பிளாஸ்டிக்) தண்டை வெடுக்கென்று இழுத்ததில் பிறந்த கோர்டெக்ஸ் என்ற நீர்புகாப் படலம் ஆகட்டும், பின்னால் வந்த மற்ற படலங்கள் ஆகட்டும், உள்ளே இருக்கும் ஆவி தானாக வெளியேற வேண்டுமானால் வெளியே உள்ளதைவிட உள்ளே ஆவி அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். குளிர்ந்த மலைக்காற்றில் அந்த வித்தியாசம் தாராளமாகக் கிடைக்கும். கதகதப்பான மழையில், ஆயிரம் பேர் மூச்சு விடும் கூட்டத்தில், வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. வியர்வை எங்கே போகும்? சட்டையிலேயே தங்கும். ஒரு மணி நேரம் ஆடிவிட்டு ஜாக்கெட்டைக் கழற்றுகிறவர் "உள்ளே ஒழுகிவிட்டது" என்று நினைப்பார். பாதி நேரம் அது மழை இல்லை, சொந்த வியர்வைதான்.

இன்னொரு கோளாறு உண்டு. மேல் துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதற்கு ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். அது தேய்ந்தால் மேல் துணி நனைந்து கனத்துத் தொங்கும், ஆவி வெளியேறுவதும் வெகுவாகக் குறையும். விழாவுக்கு முந்தைய வாரம் கைப்பகுதியில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உருண்டு ஓடினால் சரி. கறுத்துப் பரவினால், துணிக் கண்டிஷனர் கலக்காமல் துவைத்து, நன்றாக அலசிக் காயவைத்து, சீட்டில் அனுமதி இருந்தால் மிதமான சூட்டில் ட்ரையரில் போட்டு எடுங்கள். பல நேரம் பூச்சு மீண்டும் உயிர் பெறும். பெறாவிட்டால் மேலே தெளிக்கிற நீர்விலக்கி வாங்க வேண்டும். கையோடு ஜாக்கெட்டை உட்புறம் திருப்பித் தோள், தலைமூடி இரண்டின் தையல்களையும் பாருங்கள். தையல் மேல் ஒட்டிய டேப் விளிம்பில் கிளம்பியிருந்தால் எண்கள் எதுவாக இருந்தாலும் பயனில்லை.

கச்சேரிக்கே உரிய தொல்லை ஒன்று: கையைத் தூக்கினால் மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் முழங்கை வரை ஓடும். மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டை இல்லாத ஜாக்கெட்டை விழாவுக்கு எடுக்காதீர்கள். இடுப்போடு முடிகிற ஜாக்கெட்டிலிருந்து வழிவதெல்லாம் நேராகத் தொடையில் இறங்கும் என்பதால் கூடவே மழைப் பேண்டும் வேண்டியிருக்கும். எங்கள் தீர்ப்பு: காற்று வீசும் குளிர் மழைக்கு ஜாக்கெட். மற்றதற்கு வேண்டாம்.

போஞ்சோ: மூன்று சாதி

ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற மெல்லிய பாலிதீன் போஞ்சோவை அவசரத்துக்கு மட்டும் பையில் வைத்திருக்கலாம். காகிதத்தைவிட மெலிது. கழுத்திலோ கை ஓட்டையிலோ கிழிய ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் இடுப்பு வரை வந்துவிடும். விழா முடிந்த மைதானத்தில் சேற்றோடு சேற்றாகக் கிடப்பதில் பாதி இதுதான்.

ஈவிஏ என்ற வளையும் பிளாஸ்டிக்கில் செய்த, சற்றுத் தடித்த போஞ்சோ நல்ல நடுவழி. சூட்டால் ஒட்டிய இணைப்பு என்பதால் தையல் ஓட்டை இருக்காது, துடைத்துத் திரும்பப் போடலாம். குறை என்னவென்றால் மடித்தால் ஒரு செங்கல் அளவுக்கு இடம் அடைக்கும்.

மூன்றாவது, பாலியூரித்தேன் பூசிய நைலான் போஞ்சோ. எங்கள் ஓட்டு இதற்கே. கைக்குட்டைப் பொட்டலம் போல மடங்கும், டேப் ஒட்டிய தையலோடு வரும். சிலிக்கான் பூசியது இன்னும் இலேசு, ஆனால் சிலிக்கான் மேல் டேப் ஒட்டாது. தையல்களுக்கு நாமே சிலிக்கான் பசை தடவி ஒரு நாள் உலர விட வேண்டும். இதைத் தெரியாமல் வாங்கித்தான் பலர் தோளில் கசிகிறது என்று திட்டுகிறார்கள்.

போஞ்சோ ஜெயிப்பதற்குக் காரணம் காற்றோட்டம். கீழும் பக்கமும் திறந்திருப்பதால் வியர்வைக் காற்று தானாக வெளியேறும், எந்தப் படலமும் வேண்டாம். பையின் மேலேயே போட்டுக்கொள்ளலாம். கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டி மேலே போஞ்சோ போட்டால் திருடன் கையும் உள்ளே போகாது. வாங்கும்போது நீளம் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் நீண்டால் பின்னால் நிற்கிறவர் மிதிப்பார், சேறும் ஏறும். பக்கவாட்டில் மூன்று நான்கு அழுத்துப் பொத்தான்கள் அவசியம். அவை இல்லாத போஞ்சோ காற்றில் முகத்துக்கு மேல் புரளும். காற்று பலமாக இருந்தால் இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள், அழகைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

தலைமூடியை யாரும் கச்சேரி காதோடு பரிசோதிப்பதில்லை. நைலான் மூடி மேல் விழும் துளி காதருகே சடசடவென்று பொரியும். தலையைத் திருப்பும்போதெல்லாம் துணி உரசும். மெல்லிய குரலும் கம்பி வாத்தியமும் அதில் மூழ்கிப்போகும். உள்ளே விளிம்பு வைத்த தொப்பி ஒன்றைப் போட்டு, மூடியை அதன் மேல் ஏற்றிக் காதுக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள். துளி முகத்தில் அடிக்காது, காதும் திறந்திருக்கும். மழை நாளில் இசைக்கு ஒரு லாபமும் உண்டு. வறண்ட காற்றுதான் கீச்சு ஒலிகளை அதிகம் விழுங்கும், ஈரக்காற்றில் அவை கூடுதல் தூரம் வரும். ஒலிப்பொறியாளர் உட்காரும் ஒலிக்கலவை மேடைக்கு முன்னால், நடுக்கோட்டை ஒட்டி நின்றால் அவர் கேட்பதை ஏறக்குறைய நீங்களும் கேட்கலாம்.

தட்டும் போஞ்சோவும்

உணவுக் கடை வரிசையில் போஞ்சோ ஒரு கூடாரம். தட்டை உள்ளே இழுத்து நெஞ்சருகே வைத்து உண்ணலாம். ஆனால் குனிந்தால் முன்விளிம்பு குழம்பில் தோயும். ஒரு முனையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். அடுப்பு, கிரில், வெப்பமூட்டி பக்கம் போகும்போது கவனம் தேவை. நைலானும் பாலிதீனும் உருகித் தோலில் ஒட்டும்.

மழையில் எதை வாங்குவது? தட்டையான தட்டில் வருவதைத் தவிர்த்து ஆழமான கிண்ணத்தில் வருவதையோ ஒரு கையில் பிடித்துக் கடிக்கக்கூடியதையோ எடுங்கள். மேடையில் இருப்பவர் அடுத்த பாட்டைத் தொடங்கும்போது உங்கள் இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்காது. பொரித்ததை வாங்கினால் டப்பாவை மூட வேண்டாம் என்று கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மூடிய டப்பாவுக்குள் அதன் ஆவியே மேல்தோலில் திரும்பப் படிந்து சில நிமிடத்தில் மொறுமொறுப்பைக் கொன்றுவிடும். மழையைக் குறை சொல்லிப் பயனில்லை. எண்ணெயிலிருந்து எடுத்ததும் கடைக் கூரைக்குக் கீழேயே நின்று தின்பது உத்தமம்.

கடையைத் தேர்வதற்கு இரண்டு விஷயம் பாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? சமைக்கும் மேசை மேலோ, வரிசையின் தலை மேலோ விழுந்தால் நகர்ந்துவிடுங்கள். சமைத்து வைத்தது ஆவி பறக்கிறதா? சூடாக வைக்கிற உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. காற்று வீசினால் திறந்த பாத்திரம் சீக்கிரம் ஆறும். பெருமழையில் வரிசை கரையும், நின்றதும் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். ஆகவே கொட்டும்போதே கடைப்பக்கம் போய்விடுங்கள். கூட்டம் மிகுந்த இடத்தில் கார்டு மெஷினுக்குச் சிக்னல் கிடைக்காமல் போவது சகஜம் என்பதால் சில்லறையை ஜிப்லாக் பையில் தனியாக வைத்திருங்கள்.

போன் உறை

ஐபி68 (தூசியும் தண்ணீரும் புகாது என்ற தர அளவு) போன் வைத்திருப்பவர் மிதப்பில் இருப்பார். அந்தப் பரிசோதனை அசையாத நல்ல தண்ணீரில், புது போனில் செய்தது. சூப்பும் சோடாவும் அந்தக் கணக்கில் இல்லை. வருடங்கள் ஆக ஆக அடைப்பு ரப்பரும் தளரும். ஒளி ஊடுருவும் உறை ஒன்று வாங்கி, முதலில் உள்ளே டிஷ்யூ பேப்பரை மட்டும் வைத்து அரை மணி நேரம் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். காகிதம் காய்ந்திருந்தால்தான் போனை நம்பி வைக்கலாம். உறையை வீட்டில், உலர்ந்த அறையில் மூடுங்கள். மைதானத்தில் ஈரக்காற்றோடு மூடினால் கேமரா முன்னால் பனி படரும். உறை மேல் துளி விழுந்தால் திரை தானாக எதையாவது அழுத்தும், அதனால் படம் எடுக்க ஒலி பொத்தானைப் பயன்படுத்துங்கள். வீடியோவில் குரல் மங்கும், அதற்கு வழியே இல்லை. நனைந்துவிட்டால் சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அரிசியில் புதைக்கும் வைத்தியம் வேண்டாம். துகள் உள்ளே போய்ப் பழுதாக்கும் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது.

கால்

புல்தரை மைதானத்துக்கு கம்பூட் என்ற உயரமான ரப்பர் பூட். வேறு பேச்சில்லை. சாக்ஸ் பூட்டின் விளிம்புக்கு மேலே வர வேண்டும், இல்லையென்றால் ரப்பர் கெண்டைக்காலை உரசிச் சிவக்க வைக்கும். பருத்தி சாக்ஸ் நனைந்தால் காயாது. கம்பளியோ பாலியெஸ்டரோ போட்டு, மாற்று ஜோடி ஒன்றை ஜிப்லாக்கில் வையுங்கள். சேற்றில் பூட் மாட்டிக்கொண்டால் நேராக மேலே இழுக்காதீர்கள், அடியில் வெற்றிடம் உண்டாகி இன்னும் கவ்வும். குதிகாலை மட்டும் இடம் வலமாக அசைத்துக் காற்று உள்ளே போக விட்டு, குதிகாலை முதலில் தூக்குங்கள். மணிக்கணக்கில் கால் ஈரத்தில் ஊறினால் தோல் வெளுத்து மரத்துப்போகும். கடுங்குளிர் இல்லாவிட்டாலும், 15 டிகிரியிலும் இது வரும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை துடைத்து சாக்ஸ் மாற்றினால் போதும்.

எந்த உடையும் காப்பாற்றாத நேரம்

மின்னலுக்கு முன்னால் மேலே சொன்ன எதற்கும் மதிப்பில்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளியை எண்ணினால் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி வந்தால் ஒதுங்க வேண்டும் என்பது பழைய விதி. ஆனால் ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கிறவருக்கு இடி எங்கே கேட்கும்? ஒளி தெரிந்தால் அதுவே போதும். கூடாரமும் கடைப் பந்தலும் அடைக்கலம் அல்ல. பெரிய கட்டடமோ, கூரை உலோகத்தாலான மூடிய காரோதான் அடைக்கலம். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரக் கூடாது.

காற்று அதைவிடப் பொல்லாதது, ஏனென்றால் மழைக்கு முன்னாலேயே வந்துவிடும். 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில், புயலுக்கு முன்னோடியாக வந்த காற்று மேடைக் கூரையையே சாய்த்து 7 பேர் உயிரைப் பறித்தது. திடீரென்று குளிர்காற்று அடித்து மேடைத் துணிகள் படபடத்தால் அறிவிப்புக்குக் காத்திராமல் மேடை, ஒலிபெருக்கிக் கோபுரம், விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் விட்டு விலகி நடங்கள்.

வீடு திரும்பியதும் போஞ்சோவை ஈரமாக மடித்து வைக்காதீர்கள். பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் மெல்லச் சிதைந்து, அடுத்த முறை விரிக்கும்போது பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை அடிக்கும். அந்த நிலைக்கு வந்ததைக் காப்பாற்ற முடியாது. சேற்றை வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் இரு புறமும் காயவைத்து, தளர்வாகச் சுருட்டி வையுங்கள். கம்பூட்டுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒருமுறை மாற்றுங்கள்.