தேரூர் ரோட்டு மீன்கடை: புழுவை மறைக்காமல் காட்டும் சித்தி

சுசீந்திரத்திலிருந்து தேரூர் போகிற ரோட்டில், குளக்கரைப் புளியமரத்தடியில் இருக்கிறது இந்தக் கடை. போர்டு கிடையாது. ஒரு கடவக் கூடை, தண்ணீர் நிறைத்த இரண்டு குட்டுவம், வெட்டுப்பலகை, சாம்பல் டப்பா, ஒரு பிச்சாத்திக் கத்தி, அவ்வளவுதான். காலை ஆறரைக்கு மீன் விற்கிற சித்தி வந்து உட்கார்ந்தால் ஒன்பதரைக்குள் தீர்ந்துவிடும். விரால், குறவை, கெளுத்தி, பனையேறி, ஜிலேபி எல்லாம் சுற்றுக் குளங்களிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் வருபவை. மூன்று வருஷமாகக் குளத்து மீன் என்றால் நான் வேறெங்கும் வாங்குவதில்லை.

ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். மீனைக் கீறினால் என் கண் முதலில் செவுளுக்கும் குடலுக்கும்தான் போகும். இங்கே வருவதற்கு முன் டவுனில் ஒரு கடையில் குறவை வாங்கினேன். வீட்டில் தோலை உரித்தால் சதைக்குள் மஞ்சள் மஞ்சளாக மணிகள். திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். "அது நெய், பேசாம கொண்டுபோய் வையுங்க" என்றார் கடைக்காரர். அந்த மீனைத் தென்னைமூட்டில் புதைத்தேன். பணம் போனதைவிட அந்தப் பொய்தான் வருத்தமாக இருந்தது.

சித்தி கடைக்கு முதலில் போனது ஒரு மாசி மாதம். நான் கேட்கும் முன்பே குறவையின் செதிளைச் சுரண்டி, பக்கத்துடுப்பின் அடியில் கீறிக் காட்டினார். "இஞ்ச பாரு மக்களே, மஞ்சப்புழு கிடக்கு. மாசி பங்குனியில இப்படித்தான். வேணும்னா எடு, இல்லன்னா ஜிலேபி தாறேன்." பிச்சாத்தி நுனியில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து இரண்டு சொட்டுத் தண்ணீரும் விட்டார். பாசிப்பருப்பு போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் உறை நெகிழ்ந்து, உள்ளிருந்து ஒரு தட்டையான புழு நீண்டது, சுருங்கியது, மறுபடி நீண்டது, குட்டி அட்டை மாதிரி. ஆய்வகத்தில் எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனாலும் மீன் விற்கிற கை அதை எடுத்துக் காட்டியதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இது கிளைனோஸ்டோமம் என்கிற தட்டைப்புழுவின் இளம் பருவம். முதலில் குளத்து நத்தைக்குள் பெருகும். நத்தையிலிருந்து வெளியேறி நீந்தி மீனின் தோலைத் துளைத்து உள்ளே போய் உறை கட்டிக்கொள்ளும். அந்த மீனைக் கொக்கோ நாரையோ விழுங்கினால் பறவையின் வாயிலும் தொண்டையிலும் ஒட்டி வளர்ந்து முட்டையிடும். முட்டை மறுபடி தண்ணீருக்கு வரும்.

மாசி பங்குனியில் ஏன் இத்தனை என்றால், நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டு மழையிலும் குளம் நிறைந்து பாசி படர்ந்து நத்தை பெருகும். மழை முடிகிற சமயத்தில் வலசைப் பறவைகளும் வந்து சேரும். சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததே பறவைகளால்தான். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் ஜூனில் திறக்கிற பாசனத் தண்ணீரை பிப்ரவரி கடைசியில் அடைப்பது வழக்கம். அதன்பின் குளம் வற்ற வற்ற, மீனும் நத்தையும் கொக்கும் ஒரே குட்டைக்குள் நெருங்குகின்றன. மீனுக்குள் ஏறிய உறை சீக்கிரம் போகாது, வயசு கூடக் கூடச் சேர்ந்துகொண்டே இருக்கும். அதனால் அந்த மாதங்களில் பெரிய குறவையை விட்டுவிட்டுச் சின்னதாகப் பார்த்து எடுங்கள்.

வெயில் ஏறினால் கெண்டையின் உடம்பில் மீன்பேன் வரும், ஆர்குலஸ். கண்ணாடித் துண்டு போல வட்டமாக ஊரும். சித்தி பெருவிரலால் வழித்துப் போட்டுவிடுவார். சதைக்கு ஒன்றும் இல்லை. மழைக்குப் பிந்தைய மாதங்களில் விரால் குடலைப் பிளந்தால் வெள்ளை நூல் போலப் புழுக்கள், கொக்கி வைத்த தலையைக் குடல் சுவரில் குத்திக்கொண்டு கிடக்கும். பாலிசென்டிஸ், முள்தலைப் புழு. அது குடலோடு போய்விடும்.

கார்த்திகை மார்கழிக் குளிரில் விராலுக்கு வருகிற சிவந்த குழிப்புண் வேறு ரகம். அது புழு இல்லை, பூஞ்சை போன்ற ஒரு கிருமி. 1988-ல் இந்தியாவுக்குள் நுழைந்து பல மாநிலங்களில் விராலைக் கொன்று குவித்தது. புண்ணு மீனைச் சித்தி தொடுவதே இல்லை. ஒருநாள் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டும் கொடுக்கவில்லை, கடவத்தோடு தூக்கிக் கொண்டுபோய்ப் புதைத்தார். அன்றைக்கு அவருக்கு நஷ்டம்தான்.

விரால் கிலோ 600, குறவை 300 என்று என்னிடம் வாங்குகிறார். டவுனைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், கொடுக்கலாம். சாம்பல் தேய்த்து வழுவழுப்பு போக உரித்துத் தருவதற்குத் தனிக் காசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூட்டத்தில் வெட்டித் தர முடியாது.

எனக்கு ஒரு பெரிய குறை இருந்தது. குடலையும் செவுளையும் வாளியோடு குளக்கரையில் கொட்டிவிடுவார். அதற்காகவே ஏழெட்டுக் கொக்கு பலகைக்குப் பக்கத்திலேயே நிற்கும். "சித்தி, நீங்க வெட்டி எடுத்த புழுவ நீங்களே கொக்குக்கு ஊட்டி விடுறீங்க, அது மறுபடி குளத்துக்குத்தான் வரும்" என்று நத்தை, மீன், கொக்கு மூன்றையும் மண்ணில் வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுவாரம் போனபோது புளியமரத்துக்குப் பின்னால் இடுப்பளவு குழி வெட்டியிருந்தது, பக்கத்தில் மண்ணும் ஒரு மண்வெட்டியும்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். வாளம்புளி கரைத்து, நல்லமிளகு அரைத்து, நன்றாகக் கொதிக்க விட்டால் இந்தப் புழு எதுவும் பிழைக்காது. குளக்கரையில் பையன்கள் சுள்ளி போட்டு மேலே கருகி உள்ளே வேகாமல் சுட்டுத் தின்கிறார்களே, அதைத் தடுங்கள். குளத்து மீனைப் பச்சையாகத் தின்றவர்களின் தொண்டையில் இதே மஞ்சள் புழு ஒட்டிக்கொண்டதை ஜப்பானிலும் கொரியாவிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்போது வாய்க்காலில் புதுத்தண்ணி வந்துவிட்டது. ஆரால் மீன் ஏறுகிறது என்று சித்தி சொன்னார். சனிக்கிழமைக்கு அரைக்கிலோ சொல்லி வைத்திருக்கிறேன்.