வெந்நீர் டேங்கா, லித்தியம் பேட்டரியா? ஒரு லாண்டரியின் கணக்கு

திருவொற்றியூரில் நாங்கள் நடத்தும் லாண்டரிக்கு வருவதில் பெரும்பகுதி ஆஸ்பத்திரித் துணி. சாயங்காலம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். இரவோடு இரவாகத் துவைத்து, காலையில் வார்டு ரவுண்ட்ஸுக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். வெயில் அடிக்கும்போது எங்களுக்கு வேலை குறைவு, வேலை உச்சத்தில் இருக்கும்போது வெயில் இல்லை. ஷீட் கூரை முழுக்க சோலார் போடுவது என்று முடிவானதும் அடுத்த கேள்வி தானாகவே வந்தது. பகல் கரண்டை இரவுக்கு எடுத்து வைக்க வேண்டும். பேட்டரியில் கரண்டாகவே வைப்பதா, டேங்கில் வெந்நீராக வைப்பதா?

நாங்கள் டேங்க் பக்கம் போனோம். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். மணலி, மாதவரம் பக்கம் இதே யோசனையில் இருக்கும் சின்ன ஆலைக்காரர்கள் தங்கள் கணக்கை இதோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் எவ்வளவு சூடு என்று பார்ப்போம். 1,000 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற 1.16 யூனிட் வேண்டும். எங்கள் டேங்க் 5,000 லிட்டர். 30 டிகிரியிலிருந்து 85க்குக் கொண்டுபோனால் கிட்டத்தட்ட 320 யூனிட் சூடு உள்ளே நிற்கும். இதே சூட்டை எங்கள் பழைய டீசல் பாய்லர் கொடுக்க 38 லிட்டர் டீசல் குடிக்கும், கூடவே 100 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியே விடும். 85 டிகிரித் தண்ணீரை அப்படியே மெஷினுக்கு விடுவதில்லை. ஆஸ்பத்திரித் துணிக்கு பிரிட்டன் சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல் 71 டிகிரியில் 3 நிமிடம் என்கிறது, நாங்களும் அதையே வைத்திருக்கிறோம். பச்சைத் தண்ணீர் கலந்து 71க்கு இறக்கினால் 5,000 லிட்டர் 6,700 லிட்டராகிவிடும். சுற்றிலும் 100 மில்லிமீட்டர் ராக்வுல் (சூட்டைத் தடுக்கும் பாறைநார்ப் போர்வை) இருப்பதால் இரவு முழுக்க ஓரிரு டிகிரிதான் இறங்குகிறது. டேங்கை வாங்கும் முன் எனக்கு நம்பிக்கை வராத விஷயம் இதுதான். இப்போது இதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

கூரையில் இருப்பது 45 கிலோவாட். சென்னை வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும், ஆக 180 யூனிட் சொச்சம். 320 யூனிட் சூட்டுக்கு 180 யூனிட் கரண்ட் எப்படிப் போதும் என்றால், முதல் கட்டத்தை ஹீட் பம்ப் பார்த்துக்கொள்கிறது. ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரியான மெஷின் அது. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். நம் ஊர்க் காற்று எப்போதும் சூடாகவே இருப்பதால் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவுக்குச் சூடு கிடைக்கிறது. 65 டிகிரி வரை அது ஏற்றிக் கொடுக்கும், அதற்கு மேல் 85 வரை சாதாரண ஹீட்டர் காயில்.

காயிலை எந்தக் கரண்டில் போடுகிறோம் என்பதை இங்கே கட்டாயம் சொல்லியாக வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி இந்திய கிரிட்டில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. டீசல் பாய்லரில் ஒரு யூனிட் சூட்டுக்கு 0.3 கிலோவை ஒட்டித்தான் வரும். அதாவது இரவில் ஈபி கரண்டில் காயிலைப் போட்டுத் தண்ணீர் காய்ச்சினால் டீசலை விட இரண்டு மடங்கு கரியைக் காற்றில் கலக்கிறோம். நம் பாய்லர் புகை அத்திப்பட்டு அனல் மின் நிலையச் சிம்னிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டாலும் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது, அந்தச் சாம்பலுக்கு நடுவில் குடும்பங்கள் வாழ்கின்றன. அதனால் எங்கள் காயில், சோலாரில் மிச்சம் இருந்தால் மட்டும் கான்டாக்டர் (தானாக இணைக்கும் சுவிட்ச்) போடும்படி கட்டியிருக்கிறது. ஹீட் பம்ப் மட்டும் கிரிட்டில் ஓடலாம். மூன்றால் வகுத்தால் அது டீசலுக்குக் கீழே வந்துவிடுகிறது.

மற்ற வழிகளை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ஹைட்ரஜன் எங்களுக்குப் பேச்சே இல்லை. கரண்டை ஹைட்ரஜனாக்கும்போதே மூன்றில் ஒரு பங்கு போய்விடும், அதைத் திரும்ப எரித்துத் தண்ணீர் காய்ச்சுவதற்குக் காரணமே கிடையாது. ப்ரிக்கெட் பாய்லர் உண்மையான போட்டிதான். மரத்தூள், கடலைத்தோல் கட்டி டீசலை விட மலிவு, மணலி பக்கம் நிறையப் பேர் அதில்தான் ஓட்டுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் கட்டி ஈரம் குடித்துவிட்டால் புகை தெருவையே மூடும். எங்கள் சுவரை ஒட்டி வீடுகள். சாம்பல் அள்ள ஆள், சர்டிபிகேட் உள்ள பாய்லர் அட்டெண்டர், வருஷா வருஷம் இன்ஸ்பெக்ஷன் எல்லாம் உண்டு. அழுத்தம் இல்லாமல், 100 டிகிரிக்குக் கீழே நிற்கும் வெந்நீர் டேங்க் பாய்லர் சட்டத்துக்குள்ளேயே வராது. சின்ன ஆலைக்கு இது பெரிய நிம்மதி.

பெரிய ஆலைகளுக்குத் தண்ணீர் போதாது, அவர்களுக்குக் கல்லும் மணலும்தான். ஃபின்லாந்தின் காங்கான்பா ஊரில் 2022இல் 100 டன் மணலைச் சூடாக்கி 8 மெகாவாட் மணி, அதாவது 8,000 யூனிட் அளவுக்கு வைத்தார்கள். 2025இல் போர்னாய்னன் ஊரில் 2,000 டன் மாக்கல் துகளில் 100 மெகாவாட் மணி. அந்த இரண்டும் ஊருக்கு வெதுவெதுப்பு கொடுக்க. ஆலைக்கே நீராவி கொடுக்க கலிஃபோர்னியாவில் ரோண்டோ நிறுவனம் செங்கல்லைப் பழுக்கக் காய்ச்சுகிறது, 2023இல் ஒரு எத்தனால் ஆலையில் 2 மெகாவாட் மணியில் தொடங்கினார்கள். செங்கல்லில் சூடு வைப்பது ஒன்றும் புதுசு இல்லை. இரும்பு உலைக்குக் காற்றைச் சூடாக்க ஆங்கிலேயப் பொறியாளர் கௌப்பர் 1857லேயே காப்புரிமை வாங்கியது இதற்குத்தான். மணலியில் மணிக்கு 10 டன் நீராவி வேண்டிய ஓர் ஆலையை எடுத்துக்கொண்டால், டன்னுக்கு 700 யூனிட். 16 மணி நேரத்துக்கு 1,12,000 யூனிட் சேமிக்க வேண்டும். ஒரு டன் செங்கல் 800 டிகிரி ஏறி இறங்கினால் 220 யூனிட், ஆக 500 டன் செங்கல். 500 டன் செங்கலுக்கு இடம் கிடைத்துவிடும். அதைக் காய்ச்ச வேண்டிய சோலாருக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும், அது வட சென்னையில் எங்கே இருக்கிறது? தெற்கு மாவட்டங்களிலிருந்து கம்பி வழியாகத்தான் வர வேண்டும். அதில் எனக்கு அனுபவம் இல்லை, காகிதக் கணக்கு மட்டும்தான்.

சரி, டேங்கும் பேட்டரியும். விலையில் டேங்க் ஜெயிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு வந்த கொட்டேஷன்களிலும் ஒரு யூனிட் சேமிப்புக்கு பேட்டரி பல மடங்கு அதிகம். ஹீட் பம்பை இரவில் பேட்டரியில் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு பேட்டரி போதுமே என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்வி. ஆனால் ஹீட் பம்ப் மெதுவாகத்தான் காய்ச்சும். பகல் முழுக்கச் செய்கிற வேலையை இரவில் நாலைந்து மணி நேரத்தில் செய்யச் சொன்னால் இரண்டு மூன்று மெஷின் வாங்க வேண்டும், அல்லது அப்போதும் ஒரு டேங்க் வைத்தே ஆக வேண்டும்.

எங்களை முடிவெடுக்க வைத்தது விலை இல்லை, பராமரிப்பு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆலை நடத்துகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பால்கனிக் கம்பி இரண்டு வருஷத்தில் உதிரும் ஊர் இது. இங்கே எந்த மெஷினை வாங்கினாலும், கெட்டுப்போனால் யார் கழற்றுவார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

டேங்க் கெடும், கெடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று இடத்தில் கெடும். ஒன்று உள்ளே படியும் உப்பு. எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, டேங்கர் லாரித் தண்ணீரும் ஒவ்வொரு லோடும் ஒரு மாதிரி. 60 டிகிரியைத் தாண்டினால் சுண்ணாம்பு வேகமாகப் படிந்து காயிலின் மேல் வெள்ளைத் தோலாக ஒட்டும். தோல் தடித்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் காயில் எரிந்துபோகும். தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும் சாஃப்ட்னருக்கு நேரத்துக்கு உப்பு போட்டால் இது கட்டுக்குள் இருக்கிறது. இரண்டாவது டேங்கின் தகடு. 304 எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம்) என்று கொட்டேஷனில் பார்த்ததும் எல்லோரும் நிம்மதியாகி விடுகிறார்கள். குளோரைடு அதிகமுள்ள தண்ணீர், சூடும் சேர்ந்தால் 304இல் வெல்டிங் ஓரத்தில்தான் முதலில் ஊசித் துளை விழும். சாஃப்ட்னர் சுண்ணாம்பை எடுக்கும், குளோரைடை எடுக்காது. தண்ணீரை லேபுக்கு அனுப்பி குளோரைடு பார்த்த பிறகுதான் நாங்கள் குளோரைடை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ரகத்துக்குப் போனோம். விலை உறுத்தியது, ஆனாலும் சரியான செலவு.

மூன்றாவது இடம்தான் கண்ணுக்குத் தெரியாதது: ராக்வுல். மேலே போர்த்திய அலுமினியத் தகட்டில் ஒரு ஸ்க்ரூ துருப்பிடித்துக் கழன்றாலும் உப்புக்காற்றும் மழைத் தண்ணீரும் உள்ளே போய்விடும். நனைந்த ராக்வுல் சூட்டைத் தடுக்காது, இரும்பு எங்கே இருந்தாலும் ஈரத்தை அதன் மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் ஃபிட்டர் அண்ணன் காலை ஷிப்ட் முடிந்ததும் டேங்கைச் சுற்றி ஒரு நடை நடந்து தகட்டில் புறங்கையை வைத்துக்கொண்டே போவார். ஒரு நாள் தெற்குப் பக்கம், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் வெதுவெதுவென்று இருந்தது. தகட்டைத் திறந்தால் ராக்வுல் ஊறிப்போய்ப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. மேலே பைப் நுழையும் இடத்தில் சீலன்ட் விட்டுப்போயிருந்தது. மதியத்துக்குள் அந்தத் துண்டை வெட்டி எடுத்து, காய வைத்து, புது ராக்வுல் வைத்து மூடிவிட்டார். செலவு ஒரு கட்டு ராக்வுலும் ஒரு டியூப் சீலன்ட்டும்.

கையால் கண்டுபிடித்து, பக்கத்துக் கடையில் சாமான் வாங்கி, நம் ஆளே சரி செய்ய முடிகிறது. காயில் போனாலும் அப்படித்தான், தங்கசாலைப் பக்கம் சொன்னால் சுற்றிக் கொடுப்பார்கள். எனக்கு இதை விடப் பெரிய காரணம் இல்லை.

பேட்டரி விஷயத்தில் என் அனுபவம் மெல்லியது. நாங்கள் வாங்கவில்லை, தெரிந்த ஒருவர் ஆலையில் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான். அவருடையது நன்றாகவே ஓடுகிறது. ஆனால் லித்தியம் சூட்டில் சீக்கிரம் தேயும் என்பதால் அதற்குத் தனி அறை, அந்த அறைக்கு நாள் முழுக்க ஏசி, அந்த ஏசியின் வெளி யூனிட்டை அரிக்கும் அதே உப்புக்காற்று. ஒரு மாட்யூல் மக்கர் செய்தால் நம் ஃபிட்டர் தொடவே கூடாது, கம்பெனி ஆள்தான் வர வேண்டும். வெள்ளத்தையும் யோசித்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னைத் தெருக்களில் எவ்வளவு தண்ணீர் நின்றது, எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் எப்படிப் பரவியது என்பதை நாம் பார்த்தோம். டேங்கின் அடியில் தண்ணீர் நின்றால் ராக்வுலை மாற்றினால் போதும். பேட்டரிக்குள் உப்புத் தண்ணீர் போனால் அது வேறு கதை.

பேட்டரிதான் சரி என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. தேவை சூடாக இல்லாமல் மோட்டாராகவும் கம்ப்யூட்டராகவும் இருந்தால் வெந்நீர் டேங்க் ஒன்றுக்கும் உதவாது. கரண்ட் போனால் எங்கள் வாஷர் டிரம் நின்றுவிடும், அதற்கு இன்னமும் ஜெனரேட்டர்தான். காசிமேட்டில் மீன் பதப்படுத்துகிறவர்கள் பேட்டரிக்கு முன்னால் பகலில் ஐஸ் கட்டி வைப்பதை ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம், அதுவும் இதே யோசனையின் குளிர்ந்த பக்கம்தான்.

எங்களிடம் இன்னும் டீசல் போகவில்லை. விரிப்புகளைத் தேய்க்கும் ரோலருக்கு 150 டிகிரிக்கு மேல் வேண்டும், அதற்குச் சின்ன பாய்லர் ஓடுகிறது. தொடர்ந்து மூன்று நாள் அடைமழை என்றால் டேங்க் 65க்கு மேல் ஏறாது, அப்போதும் அதே பாய்லர்தான் கைகொடுக்கும். வடகிழக்குப் பருவமழையை இந்த டேங்கோடு பலமுறை பார்த்தவன் இல்லை என்பதால், பத்து வருஷம் தாங்குமா என்று யாராவது கேட்டால் தாங்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். தகடும் வெல்டிங்கும் இதுவரை சுத்தமாக இருக்கின்றன.

ஆர்டர் கொடுக்கிறவர்கள் பர்சேஸ் ஆர்டரிலேயே மூன்றை எழுதிவிடுங்கள். ஆள் உள்ளே இறங்கும் அளவுக்கு மேன்ஹோல். டேங்கைக் காலி செய்யாமல் வெளியே இழுக்கும்படி தனித்தனி ஃப்ளாஞ்சில் காயில். அப்புறம் அடியில், மிகத் தாழ்ந்த இடத்தில் ஒன்றரை இஞ்ச் டிரெயின் வால்வு. முக்கால் இஞ்ச் வால்வு வைத்துக் கொடுக்கப் பார்ப்பார்கள், அதில் சுண்ணாம்புச் சேறு இறங்காது.